ஆழக் கிணறும் ஓட்டைப் பட்டையும்

என் முதற் பத்துக் கட்டை ஓட்டத்தில் நான் பதினோராவதாக வந்தேன். மைலை நாங்கள் கட்டை என்றுதான் சொல்வோம். பதினோராவதாக வந்ததில் எனக்கு வெட்கம் இல்லை. வந்த விதத்தில்தான் வெட்கம். எனக்கு முன்னால் ஓடி முடித்த பத்துப் பேரும் யாழ்ப்பாணப் பட்டணத்து மைதானத்தில், புல்லில் விழுந்து கிடந்தார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார். நான் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று, எங்கள் ஊர் இணுவிலுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். இது முப்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டருக்கு நான் பஸ் விசாரித்தது கேட்டுவிட்டது. நேரே வந்தார்.

"நீ ஓடினனீயோ, நடந்து வந்தனீயோ?"

"ஓடினனான், சேர்."

"ஓடினனீ எண்டால் ஏன் இளைக்கேல்லை?"

"மூச்சு இருக்குது சேர். கால்தான் வரேல்லை."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினார். பிறகு என் பாதத்தைத் தூக்கச் சொல்லி உள்ளங்காலைப் பார்த்தார். இரண்டு காலிலும் தோல் உரிந்து தொங்கியது. மனிதனுடைய உடம்பு ஒரு நிமிஷத்தில் எவ்வளவு காற்றைப் பிடித்து எரிக்கும், அதில் எவ்வளவு ஓட்டத்துக்குப் போகும், எவ்வளவு வீணாகும் என்றெல்லாம் எழுதிய ஒரு இங்கிலீசுப் புத்தகம் அவரிடம் இருந்தது. அதை எங்களுக்குப் படித்துக் காட்டி ஆளையே கொல்லுவார். அன்றைக்குப் புத்தகத்தை விட்டுவிட்டு, தோட்டக்காரன் மகனுக்கு விளங்கும்படி சொன்னார்.

"உன்ரை கிணறு நல்ல ஆழம். இறைச்சாலும் வத்தாது. ஆனால் உன்ரை பட்டை ஓட்டை. அள்ளுறதிலை அரைவாசி வழியிலை ஒழுகிப் போகுது."

கிணறு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்துத் துலாவிலிருந்து வந்தது. துலா என்பது கிணற்றடியில் ஏறி இறங்கும் நீண்ட மரம். அதன் ஒரு நுனியில் கொடி தொங்கும். கொடியின் அடியில் தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டை. ஒரு ஆள் துலாவின் மேலே ஏறி கிணற்றுப் பக்கமாக நடந்தால் பட்டை உள்ளே இறங்கும். திரும்பி மற்றப் பக்கம் நடந்தால் நீரோடு மேலே வரும். கீழே என் தகப்பனார் நின்று பட்டையைச் சரித்து வாய்க்காலில் ஊற்றுவார். மேலே நான். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த மரத்தில் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கினேன். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் தண்ணீர் காட்டி முடிய விடியற்காலையில் மூன்று, நான்கு மணித்தியாலம் போகும். அப்படி மிதித்தவனுக்கு மூச்சு வராமல் என்ன செய்யும்?

ஓட்டையும் அதே துலாவிலிருந்துதான் வந்தது. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஆடுகிற மரத்தில் நடக்கிறவன் முழுப் பாதத்தையும் அறைந்து பதிக்க வேண்டும். கைகளை அகல விரிக்க வேண்டும். தோளை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிணற்றுக்குள் போக வேண்டியதுதான். நான் தெருவில் ஓடும்போதும் அந்த மரத்திலேதான் ஓடினேன்.

டிரில் மாஸ்டர் ஒரு வாக்குக் கொடுத்தார். கொழும்பில் தேகாப்பியாச ஆசிரியர்களைப் பயிற்றும் இடம் ஒன்று இருந்தது. அங்கே சேர அவருடைய கடிதம் வேண்டும். "வாற வருசம் இதே ஓட்டத்திலை முதல் மூண்டு பேருக்குள்ளை வா. எழுதித் தாறன். வராட்டில் எழுதமாட்டன். பொய்க் கடிதம் எழுதிப் பழக்கமில்லை" என்றார். தகப்பனாரிடம் சொன்னேன். அவர், "அந்த ஓட்டம் முடியும் மட்டும் பொறுக்கிறன். அதுக்குப் பிறகு புகையிலை" என்றார்.

புகையிலையை நான் வெறுத்தேன். இதை ஒளிக்க என்ன இருக்கிறது? புழு பிடிக்கிறதும், பக்கத்தில் வெடிக்கும் கெட்டுகளை முறிக்கிறதும், கையில் ஒட்டிய பிசின் சோற்றிலும் கசக்கிறதும் என் உயிரை வாங்கின. என் தகப்பனார் அந்தச் செடிகளோடு கதைப்பார். எனக்கு அவற்றோடு கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஓட்டம்தான் எனக்குத் தெரிந்த ஒரே வெளிவாசல். ஒரு வருசமும் மூன்று இடங்களும் என் கையில் இருந்தன.

அதனால் ஒவ்வொரு நாளும் இறைப்பு முடிந்ததும் பட்டணம் போகும் பெருந்தெருவில் வழியிலுள்ள கொக்குவில்வரை ஓடித் திரும்பத் தொடங்கினேன். அந்தத் தெருவில்தான் குருநகர்க்காரரைச் சந்தித்தேன்.

அவருக்கும் என் வயதுதான். பட்டணத்துக் கடற்கரையில் குருநகரில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்க வேதக்காரர். விடிய வள்ளம் வந்து சேர்ந்ததும் இரண்டு பனையோலைக் கடகங்களில் மீனை நிரப்பி, காவுதடியின் இரு நுனியிலும் தொங்கவிட்டு, தடியைத் தோளில் வைத்து எங்கள் ஊருக்கு அப்பால் மருதனார்மடச் சந்திவரை ஐந்து கட்டை ஓடி வருவார். நடந்தால் மீன் பழுதாகும், ஓடத்தான் வேண்டும். வாயில் ஒரு அரைச் சுருட்டும் இருக்கும்.

முதல்நாள் அவரைக் கடந்து போனேன். பாரம் காவுகிற ஒருவரைக் கடந்ததில் என்ன பெருமையோ, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அரைக் கட்டை போய்த் திரும்பிப் பார்த்தால் அதே இடைவெளியில் வருகிறார். வேகமாகப் போனேன். பிறகும் அதே இடைவெளி. இணுவில் வந்ததும் சாரத்தை இறுக்கிக் கட்ட நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போகும்போது சுருட்டை எடுக்காமலே கேட்டார்:

"உமக்குத் தெருவோடை என்ன கோவம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அடுத்தநாள் வேண்டுமென்றே அவருக்கு முன்னால் ஓடினேன். அதற்கு அடுத்தநாள் பின்னால் ஓடினேன். பின்னால் ஓடியபோதுதான் காதில் பட்டது. என் கால் தட்டுத் தட்டென்று தெருவை அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய காலில் சத்தமே இல்லை. தடி மட்டும் கிறீச், கிறீச் என்று ஒரே தாளத்தில் முனகியது. இன்னும் ஒன்று கண்டேன். தடி வளைந்து வளைந்து நிமிர்ந்தது; ஆனால் அவருடைய தலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஓரா மீன்கள் கடகத்தில் அடுக்கிய இடத்திலேயே கிடந்தன.

கோபத்தை விழுங்கிவிட்டு, எப்படி என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? தடி சொல்லுறபடி ஓடுறன்" என்றார்.

மருதனார்மடத்தில் மீன் விற்று முடிந்ததும் வெறுங்கடகங்களோடு தடியை என் தோளில் வைத்தார். நான் ஓடிப் பார்த்தேன். தடி விறைத்துக் கிடந்தது; ஒரு சத்தமும் இல்லை. அவர் சிரித்தார். "வெறுங்கடகத்தோடை தடி கதைக்காது. பாரம் வேணும்."

மறுநாள் கொக்குவில் தாண்டியதும் மீன் பாரத்தையே என்னிடம் மாற்றினார். அந்த நாளை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசும். நான் மேலே துள்ளும்போது தடி கீழே வந்து தோளில் அறைந்தது. நான் காலை அறையும்போது கடகம் மேலே எகிறியது. பத்து எட்டு வைப்பதற்குள் நான்கு ஓரா மீன்கள் தெருவில் கிடந்தன. தடி பொய் சொல்லாது. நான் எட்டுக்கு எட்டு வீணாக்குகிறதை அது என் தோளிலேயே அடித்துக் காட்டியது. அது கீழே போகும்போது கால் நிலத்தில் இருக்க வேண்டும்; மேலே போகும் நேரம் பாரமே இல்லை, அந்த ஒரு கண நேரத்தில் காலை மாற்றிவிட வேண்டும். எட்டு சின்னதாக, முழங்கால் கொஞ்சம் மடிந்தபடி, தோள் தளர்ந்து. புத்தகத்தில் டிரில் மாஸ்டர் தேடிக்கொண்டிருந்தது முழுவதும் அந்தத் தடியில் இருந்தது.

தெருவில் கிடந்த நான்கு ஓராவையும் நான்தான் பொறுக்கினேன். எங்கள் வீடு சுத்த சைவம். மச்சம் வாசலுக்குள்ளும் வராது. நான் ஒரு கையில் இரண்டு மீனோடு நிமிர்ந்தபோது, கோயில் மடப்பள்ளியில் வேலை செய்கிறவர் சைக்கிளில் வந்து கொண்டிருந்தார். அவர் சைக்கிளை நிறுத்தவில்லை. தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார். மத்தியானம் இணுவில் முழுவதும் நான் மீன் வாங்கினேன் என்று ஆகிவிட்டது. பின்னேரம் நான் குருநகரில் உட்கார்ந்து மீனும் நண்டும் போட்ட ஒடியற்கூழ் குடித்ததாகவும், நண்டுக்கால் உடைத்துக் கொடுத்தவர் யார் என்பதுவரைக்கும் விபரம் கிடைத்தது. எனக்கு "ஓரா" என்று பெயரும் வைத்தாயிற்று.

தகப்பனார் கூப்பிட்டார். "கையைக் காட்டு."

காட்டினேன். மணந்து பார்த்தார்.

"தூக்கினனான் ஐயா. தின்னேல்லை."

"தின்னேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஊருக்கு ஆர் சொல்லுறது?"

அவ்வளவுதான் சொன்னார். தெருவில் ஓடவேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். ஆனால் அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

குருநகர்க்காரருக்கும் ஒரு குறை இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னர் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிக் கிடந்து எழும்பியவர். தாளம் தப்பாது, ஆனால் மூச்சுக் குறைவு. வாடைக்காற்று எதிர்த்தடிக்கும் மாதங்களில் வழியில் இரண்டு தரம் பாரத்தை இறக்கி வைப்பார். மற்றக் காவுகாரர்கள் அவரைக் கடந்து போவார்கள். அவர் சுருட்டைக் கடித்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்ப்பார். ஒருநாள் நான் சொன்னேன்: "எங்கடை துலாவிலை ஏறி மிதிச்சுப் பாரும். மூச்சு வரும்."

சொல்லிவிட்டுத்தான் பயம் பிடித்தது. மீன்காரரை எங்கள் கிணற்றடிக்குக் கூட்டிவருவது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. தகப்பனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். கடகத்தைப் பார்த்தார். "கடகத்தைப் படலைக்கு வெளியிலை வைக்கட்டும். காலைக் கழுவிப்போட்டு ஏறட்டும், வழுக்கும்" என்றார். பக்கத்துத் தோட்டத்தார் இரண்டுநாள் முணுமுணுத்தார்கள். தகப்பனார் அவர்களுக்குக் கேட்கும்படியாகப் பட்டையைச் சரித்துத் தண்ணீரைப் படாரென்று ஊற்றினார். அவருடைய பதில்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

நடுக்கடலில் பாயேறி நிற்கிற மனிதர் துலாவில் ஏறியதும் நடுங்கினார். "கடலிலை விழுந்தால் நீந்தலாம். உதுக்குள்ளை விழுந்தால் என்னத்தைச் செய்யிறது?" என்று கேட்டு, மாதாவையும் அந்தோனியாரையும் கூப்பிட்டார். கீழே என் தகப்பனார் முருகா முருகா என்றார். நான் சிரித்துச் சிரித்து வாய்க்கால் வரம்பில் இருந்துவிட்டேன். அதன் பிறகு சந்தையால் திரும்பும்போதெல்லாம் அவர் அரை மணித்தியாலம் துலா மிதித்துவிட்டுத்தான் போவார். மூன்றாம் மாதம், வாடைக்காற்றில் ஒரு தரம்தான் பாரத்தை இறக்கினார். தைமாதம் இறக்கவே இல்லை. "மூச்சு வருகுது" என்று சொல்லி என் முதுகில் அறைந்தார். அந்த அறை இரண்டுநாள் வலித்தது.

நான் ஒவ்வொரு காலையும் அவரோடு ஓடினேன். கொக்குவிலிலிருந்து இணுவில்வரை பாரம் என் தோளில். மிச்ச வழி அவருடைய தோளில். மாசி பங்குனியில் என் காற்சத்தம் அடங்கிப் போயிற்று. பின்னால் வருவது தெரியாமல் தெருவில் போகிற சனம் திடுக்கிட்டு ஏசத் தொடங்கினார்கள். அந்த ஏச்சு எனக்குத் தேன். டிரில் மாஸ்டர் மைதானத்தில் என்னை ஒரே வேகத்தில் ஓடவிட்டு நாடி பார்ப்பார். வேகம் அதேதான், நாடி மட்டும் மாதத்துக்கு மாதம் குறைந்து வந்தது.

"ஓட்டைப் பட்டையை ஆர் பொத்தினது?" என்று கேட்டார்.

"குருநகரிலை ஒராள், சேர்."

அந்த ஒராளையும் ஓட்டத்தில் சேரச் சொன்னேன். "சும்மா ஓடிப்போட்டு என்னத்தை விக்கிறது?" என்று அவர் கேட்டார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

எங்கள் கந்தசுவாமி கோயிலில் கொடியேறியது. கொடியேறினால் இறங்கும்வரை எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் மீன்சட்டி அடுப்பில் ஏறாது. மற்ற நாளில் தின்கிறவர்களும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ஆகையால் அந்த நாட்களில் மீன்காரர்கள் யாரும் இந்தத் தெருவுக்கு வருவதில்லை. குருநகர்க்காரர் வீட்டோடு இருந்து கிழிந்த வலை பொத்துவார். பட்டணத்தில் ஓட்டத்தை நடத்துகிறவர்களுக்கு எங்கள் திருவிழாக் கணக்கு தெரியாது. ஐந்தாம் திருவிழா அன்று காலையில் ஓட்டத்தை வைத்துவிட்டார்கள்.

கொடியேறுவதற்கு முதல்நாள் பிரியும்போது அவர் சொன்னார்: "நாலு நாள் தடி இல்லை. காலை மறக்க விடாதையும்."

மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்தது. தனியே ஓடினால் கால் பழைய குணத்தைக் காட்டத் தொடங்கியது. வாயால் கிறீச் கிறீச் என்று சொல்லிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். சரிவரவில்லை.

ஓட்டம் பட்டணத்து மைதானத்தில் தொடங்கி, எங்கள் தெருவால் மருதனார்மடம் போய், அதே வழியால் திரும்ப வேண்டும். முப்பது பேர்வரையில் ஓடினோம். சோளகக்காற்று முதுகில் தள்ளியது. கொக்குவில் தாண்டும்போது நான் ஐந்தாவது. மூச்சு அமைதியாக இருந்தது. இப்படியே போய்த் திரும்பினால் போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இணுவில் எல்லைவரைதான் நின்றது.

கோயிலுக்குப் போகிற சனம் தெருவின் இரண்டு பக்கமும் நிறைந்து நின்றது. தண்ணீர்ப்பந்தலில் மோர் வார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ கத்தினார்கள்: "அந்தா ஓரா வருது! மீன் தின்ற ஓட்டத்தைப் பார்!"

சிரிப்பு தெருவோடு ஓடியது. என் மண்டைக்குள் ஏதோ கழன்றது. பட்டை, கிணறு, கடிதம், கொழும்பு ஒன்றும் நினைவில் இல்லை. முருங்கையிலையும் குரக்கன் பிட்டும் தின்று வளர்ந்தவன் எப்படி ஓடுவான் என்று ஊருக்குக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அரைக் கட்டை தூரம் வெறிபிடித்தவன் மாதிரிப் பறந்தேன். முன்னால் போன நான்கு பேரையும் கடந்து முதலாவதாகப் போனேன். சனம் ஆரவாரித்தது. கோயிலுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் என் தகப்பனார் திருநீற்றோடு நின்றார். அவர் மட்டும் கைதட்டவில்லை. நான் நிலத்தை அறைந்து அறைந்து போவதை, என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்கு ஆர் சொல்லுறது என்று கேட்டவர் அவர். நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அந்த முகத்தில் கண்டேன்.

மருதனார்மடத்தில் கையில் சிவப்பு மை பூசித் திருப்பி விட்டார்கள். திரும்பியதும் சோளகம் முகத்தில் அடித்தது. நெஞ்சில் இன்னும் மூச்சு இருந்தது. ஆனால் கால் மரமாகிவிட்டது. தட்டு, தட்டு, தட்டு. ஒருவர் கடந்தார். இருவர் கடந்தார்கள். இணுவிலைத் திரும்பக் கடக்கும்போது நான் எட்டாவது. இப்போது யாரும் கத்தவில்லை. அது இன்னும் மோசம். தெருவோரம் எனக்குப் புகையிலைத் தோட்டம்தான் தெரிந்தது. நானாகப் பாழாக்கினேன், நானாகப் பாழாக்கினேன் என்று ஒவ்வொரு எட்டுக்கும் என்னை ஏசிக்கொண்டு போனேன்.

ஊர் எல்லை தாண்டியபோது கேட்டது.

கிறீச். கிறீச். கிறீச்.

முன்னால், தெருவின் இடது பக்கத்தில், பாரத்தோடு ஒருவர் பட்டணத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். மடித்துக்கட்டிய சாரமும் தலைத்துண்டும் எனக்குத் தெரிந்தவை. ஏன், எப்படி என்று நான் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையிலும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"தோளை விடும்" என்றார்.

விட்டேன்.

"தெருவோடை கோவிக்காதையும்."

தடி கீழே போகும்போது என் கால் நிலத்தில் இருந்தது. மேலே போகும்போது மாறியது. எட்டு சின்னதாயிற்று. சத்தம் அடங்கிற்று. ஒரு கட்டை தூரம் இருவரும் அப்படியே ஓடினோம். பாரம் காவுகிறவரோடு சமனாக ஓடும் அளவுக்கு நான் மெதுவாகியிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் எதிர்க்காற்றில், பாரத்தோடு, ஒரு ஓட்டக்காரனோடு ஒரு கட்டை ஓடுவதென்றால் லேசான மூச்சுப் போதாது. அது எங்கள் துலாவில் மிதித்தெடுத்த மூச்சு.

கொக்குவில் வந்ததும் அவர், "இனிப் போம். உமக்குத்தான் மூச்சு இருக்குதே" என்றார். அவருக்கு இளைத்தது. எனக்கு இளைக்கவில்லை. போனேன். காதில் கிறீச் சத்தம் நிற்கவே இல்லை. மைதானம்வரை என்னோடு வந்தது. ஒவ்வொருவராகப் பிடித்தேன். கடைசி ஆளை மைதானத்துக்குள், முடிவுக் கயிற்றுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது கடந்தேன். மூன்றாம் இடம். புல்லில் குப்புற விழுந்தேன். நெஞ்சு துருத்தியாக அடித்தது. டிரில் மாஸ்டர் குனிந்து பார்த்து, வாய் கொள்ளாமல் சிரித்தார்.

"இப்ப இளைக்குது! இண்டைக்குத்தான் நீ ஓடியிருக்கிறாய்."

அன்று பின்னேரமே கடிதம் எழுதித் தந்தார்.

வீட்டில் அம்மா சோறு போட்டா. நான் நடந்ததை எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன். குருநகர்க்காரர் மீனோடு வந்ததைச் சொன்னபோது அம்மா அகப்பையை நிறுத்தினா.

"கொடியேறி அஞ்சாம் நாள். ஆர் மீன் வாங்கினது?"

தகப்பனார் தலையை நிமிர்த்தினார். "பட்டணம் போற ஆள் வெறுங்கடகத்தோடை எல்லோ போகவேணும்? பாரத்தை ஏன் திருப்பிக் கொண்டு போறான்?"

என் கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது. மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம் என்று நினைக்கிறேன்: கடகத்தில் இருந்தது மீன் இல்லை.

மறுநாள் விடிந்ததும் நடந்தேன். கொக்குவிலில், அவர் என்னைப் போகச் சொன்ன இடத்தில், தெருவோரச் செம்மண்ணின் மேல் இரண்டு வெள்ளைக் குவியல் கிடந்தது. கடற்கரை மணல். உள்ளே இன்னும் ஈரம் காயவில்லை. சிப்பித் துண்டுகளும் கொஞ்சம் சாதாளைக் கடற்புல்லும் அதற்குள் கிடந்தன. இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது.

அங்கிருந்து குருநகர்வரை எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவர் வீட்டு வாசலில் கால்நீட்டி இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் மணல்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"வெறுங்கடகத்தோடை தடி கதைக்காது எண்டு சொன்னனான் எல்லோ."

"அதுக்கு இவ்வளவு தூரம் காவிக்கொண்டே வாறது? எங்கடை பக்கத்திலை மண் இல்லையோ?"

"உங்கடை செம்மண்ணிலை ஒரு கடகம் அள்ளினால் உங்கடை கொப்பர் விடுவாரோ?" அவர் சுருட்டு வாயோடு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கியது. அதை மறைக்க ஒரு கேள்வி கேட்டேன்.

"நான் நல்லாய் ஓடிக்கொண்டு வந்திருந்தால்? உம்மைப் பாராமலே கடந்து போயிருப்பன். இவ்வளவும் வீண்தானே?"

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பிடிப் போகவேணும் எண்டுதான் வழி முழுக்க மாதாவைக் கேட்டுக்கொண்டு வந்தனான். மணல், அவ கேக்காட்டில் எண்டு."

பிற்காலத்தில் முப்பது வருசம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கினேன். அவர்களுடைய தோளில் தடி வைத்து, இரு நுனியிலும் மணல் கட்டிவிட்டுத்தான் தொடங்குவேன். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. வலையின் மற்றத் தலைப்பை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தேன். மத்தியானம்வரை இருவரும் பொத்தினோம். நான் பொத்திய வலைக்கண்களை எல்லாம், நான் போன பிறகு அவர் அவிழ்த்துத் திரும்பப் பொத்தியிருப்பார்.